பதினாலு நாள் எடை

ஏப்ரல் 21, திங்கள்

விண்ணப்பப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்தாயிற்று. பதினோரு பக்கம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. அன்று ஒரே கேள்விதான்: காபி நீ போட்டதா?

கோவையில் ஒரு பெண்கள் கல்லூரி. எம்.எஸ்சி. சத்துணவியல், இரண்டு வருடம். பி.எஸ்சி.யில் ஐம்பத்தைந்து சதவீதம் வேண்டும். எனக்கு அறுபத்தொன்று இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு வாங்கியது, ஆனால் அதில் காலாவதி தேதி எதுவும் போடவில்லை. மதிப்பெண் பட்டியல்கள், பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு, வேலை அனுபவச் சான்று, உடல் தகுதிச் சான்று. கடைசியாக ஒரு விநோதம்: ஒரு நபரின் பதினான்கு நாள் எடையிட்ட உணவுப் பதிவு. அதாவது ஒருவர் வாயில் போகும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, மிச்சம் வைத்ததையும் தராசில் வைத்து, கழித்து, மாவுச்சத்து எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். மே 20 கடைசி நாள். அதன் பிறகு நேர்முகத் தேர்வு.

முப்பத்தெட்டு வயதில் இது எதற்கு என்று நாளைக்கு நானே மறந்துவிடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயட் அசிஸ்டென்ட் வேலை. நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று சீட்டு எழுதுவது நான். கீழே கையெழுத்துப் போடுவது ஷிவானி மேடம். அவளுக்கு வயது இருபத்தாறு, எம்.எஸ்சி. கெட்ட பிள்ளையில்லை. "அக்கா, இந்தக் கிட்னி பேஷன்ட்டுக்கு வாழைப்பழம் குடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அடுத்த வருடம் முதல் எம்.எஸ்சி. இல்லாதவர்கள் வார்டுக்குள் போகக் கூடாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. கீழே கிச்சனில் தட்டு எண்ணிக்கொண்டு கிடக்கலாம்.

எனக்கு அந்தச் சீட்டில் என் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான்.

என் கணவர் மோகனசுந்தரம் பெட்ஷீட் குடோனில் மேனேஜர். விஷயத்தைச் சொன்னதும் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், சரி பண்ணு என்றார். பத்து நிமிடம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார். "அப்ப சமையலு?"

ஏப்ரல் 24, வியாழன்

பட்டத்தில் நான் ப. சுகுணா, அப்பாவின் எழுத்து. ஆதாரில் மோ. சுகுணா. இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். அதற்குச் சாட்சி வேறு கேட்டார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து, என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே ஆள்தான் என்று கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 26, சனி

யாரை எடை போடுவது? கணவர் மதியம் குடோனில் சாப்பிடுகிறார். மகள் தாரணி பிளஸ் ஒன் லீவில் இருக்கிறாள், தராசை எடுத்தாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாமியார் இப்போது இல்லை. மிச்சம் மாமனார்.

மாமனார் சென்னியப்பன், வயது எழுபத்தொன்று, சர்க்கரை இருபது வருடமாக. மஞ்சள் மண்டியில் நாற்பத்தொரு வருடம் எடை போட்டவர். மூட்டையைக் கையால் அசைத்துப் பார்த்தே கிலோ சொல்லுவார் என்று ஊரில் பேச்சு. நான் வாங்கி வந்த எலக்ட்ரானிக் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தராசாம்மணி? சோப்பு டப்பாவாட்ட இருக்குது."

ஒரு தக்காளியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறுபத்தெட்டு என்றார். சோப்பு டப்பா அறுபத்தேழு காட்டியது. தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஏப்ரல் 28, திங்கள். நாள் 1

மாமா: காலை இட்லி 3, நூற்றைம்பத்தாறு கிராம். கொத்தமல்லிச் சட்னி முப்பது. மதியம் கம்பஞ்சோறு இருநூறு, கீரைக் கடைசல் நூறு, மோர். மாலை சுண்டல் நாற்பது. இரவுக்குச் சப்பாத்தி 2. இதைவிட உத்தமமான சர்க்கரை நோயாளி பாடப்புத்தகத்தில்கூடக் கிடையாது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய். நாள் 2

வெயில் நூற்றைந்து டிகிரி. கீரை, கம்பு, உத்தமர்.

மே 1, வியாழன். நாள் 4

லீவு நாள்தானே என்று மாமாவுக்குச் சர்க்கரை பார்த்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இருநூற்று எழுபத்திரண்டு. கம்பஞ்சோறும் கீரையும் தின்கிற மனுஷனுக்கு இது வர வழியே இல்லை. மெஷின் கோளாறோ என்று எனக்குப் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் காட்டியது. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலரைக்கு நடைப் பயிற்சி போகிறார். டாக்டர் சொன்னதாம். தினமும் தவறுவதில்லை. இதுவரை இந்த மனுஷன் டாக்டர் சொன்ன எதையும் தவறாமல் செய்ததில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மே 2, வெள்ளி

பின்னாலேயே போனேன். நடைப் பயிற்சி மொத்தம் நூற்றிருபது மீட்டர். முனையில் இருக்கும் பேக்கரியோடு முடிகிறது. அங்கே அவருக்கென்று ஒரு ஸ்டூலே இருக்கிறது. வாழைக்காய் பஜ்ஜி மூன்று, தேங்காய் பன் ஒன்று, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. மாஸ்டர் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

என்னைப் பார்த்ததும் மூன்றாவது பஜ்ஜியை முழுசாக விழுங்கினார். என்ன திட்டுவது என்று தெரியாமல் நானும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது. நூற்றிருபது மீட்டர்! வெயில்தான்.

மே 3, சனி

ஐந்து நாள் பதிவைக் கிழித்துப் போட்டேன். மாமா காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ திட்டமாட்டீன்னா நெசத்தச் சொல்றேன் அம்மணி. திட்டுவீன்னா உன்ற நோட்டுக்குப் புடிச்ச மாதிரி சொல்றேன். ரெண்டுல எது வேணும்?"

மூன்று வருடப் பட்டப்படிப்பில் எனக்கு யாரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. வார்டில் என்னிடம் ஆமாம் மேடம், சரி மேடம் என்று தலையாட்டிய அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பத்து நாளில் இரண்டாவது சத்தியம்.

மறுபடி முதலிலிருந்து. நாளை ஆரம்பித்தால் பதினேழாம் தேதி முடியும். கடைசி நாளுக்கு மூன்று நாள் கையில் இருக்கும்.

மே 4, ஞாயிறு. புது நாள் 1

மாமா பேக்கரியிலிருந்து ஒரு பஜ்ஜியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார், சாம்பிளுக்காம். பஜ்ஜி நாற்பத்து நான்கு கிராம். தாள் குடித்த எண்ணெய் மூன்று கிராம். தாளைத் தனியாக எடை போட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது. சாம்பிளைப் பிறகு யார் தின்றார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறேன்.

மே 6, செவ்வாய். நாள் 3

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர். மூன்றாம் மாடி வரை தட்டு வண்டியைப் படியில் இழுக்க முடியாது, கையில்தான் தூக்கிப் போனோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். ஷிவானி, அக்கா வீசிங்கா என்றாள். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயசு என்றேன்.

வீட்டில் ஓர் அதிசயம். மாமா என் கையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை வாங்கி அவரே கழுவி வைத்தார். பஜ்ஜி செய்த குற்ற உணர்ச்சி போலிருக்கிறது. நல்லது, தொடரட்டும்.

மே 8, வியாழன். நாள் 5

இரும்புச்சத்து கணக்குப் போட்டேன். மாமாவுக்கு நாளைக்குப் பதினேழு மில்லிகிராம், தேவைக்குச் சரியாக இருக்கிறது. கம்பும் கீரையும் காப்பாற்றுகின்றன. கணக்குப் போடும்போது பச்சரிசி மென்றுகொண்டிருந்தால்தான் எனக்கு மூளை ஓடும். டப்பாவை யாரோ இறுக்கி மூடி வைத்திருந்தார்கள், ஸ்பூனை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. தாரணி, அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டுமாமே என்றாள். எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகிறது, இனி எவ்வளவு கொட்டினாலும் மண்டபக்காரனுக்குத்தான் கவலை என்றேன்.

மே 9, வெள்ளி. நாள் 6

தராசின் பேட்டரி அதற்குள் தீர்ந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் எப்படித் தீரும்? கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

மே 11, ஞாயிறு. நாள் 8

வயிற்று வலி. மாதாமாதம் வருவதுதான். மாமா: பஜ்ஜி 2.

மே 12, திங்கள். நாள் 9

பரிந்துரைக் கடிதம் ஒன்றைப் பழைய பேராசிரியை தபாலில் அனுப்பிவிட்டார். இன்னொன்று ஷிவானி தர வேண்டும். "அக்கா, நீங்களே எழுதிடுங்க, நான் சைன் பண்றேன்" என்றாள். அது எங்களுக்குப் பழக்கமான முறைதானே. என்னைப் பற்றி நானே உயர்வாக ஒரு பக்கம் எழுதினேன். பொறுமை, கூர்ந்து கவனிக்கும் திறன், நோயாளியின் சிறு மாற்றத்தையும் கண்டுபிடித்தல் என்றெல்லாம். எழுதி முடித்தபோது இந்தப் பெண்ணுக்கு நானே சீட் கொடுத்துவிடுவேன் போலிருந்தது.

மே 14, புதன். நாள் 11

உடல் தகுதிச் சான்று. டியூட்டி டாக்டரை வராந்தாவில் மடக்கினேன். சாப்பாடெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். டயட் டிபார்ட்மெண்டிடமே கேட்கிறீர்களே டாக்டர் என்றேன். இருவரும் சிரித்தோம். கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறீர்களே என்றார். பவுடர் என்றேன். சுவரில் படிவத்தை வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷன், மொத்தம் ஒன்றரை நிமிடம். வீட்டில் இதைச் சொன்னபோது மாமா மட்டும் சிரிக்கவில்லை.

மே 17, சனி. நாள் 14

முடிந்தது. பதினான்கு நாளில் பஜ்ஜி இருபத்தொன்று, தேங்காய் பன் ஆறு. ஆனால் ஒரு விஷயம்: முதல் வாரம் பதினான்கு பஜ்ஜி, இரண்டாம் வாரம் ஏழு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் அவர் எதிரிலேயே எழுதினேன், அவ்வளவுதான். இன்றைக்குச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூற்றாறு.

மாமா பதிவை வாங்கி ஒவ்வொரு கூட்டலாகச் சரிபார்த்தார். இரண்டு தப்பு கண்டுபிடித்தார். பிறகு, ஃபைலை நான் தைத்து அனுப்புகிறேன், மண்டிக் கணக்குச் சிட்டையெல்லாம் தைத்த கை என்றார். ஊசியும் நூலுமாகத் திங்கட்கிழமை உட்காரப் போகிறாராம். இந்தக் காலத்தில் ஸ்டேப்ளர் என்று ஒன்று இருக்கிறது என்றேன். அது துருப்பிடிக்குமாம்.

மே 19, திங்கள்

வேலையிலிருந்து வந்தபோது ஃபைல் கூரியரில் போய்விட்டது. ரசீதை மாமா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். எடை நானூற்றிருபது கிராம் என்று இருந்தது. நான் மனதில் போட்டது முந்நூற்றைம்பது. அட்டை கனமாக இருந்திருக்கும்.

ஜூன் 2, திங்கள்

நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. ஜூன் 9, காலை பத்தரை. வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாடியில் இருக்கும் பித்தப்பைக்காரர் மட்டும், அப்படியென்றால் இவ்வளவு நாள் நீங்கள் படிக்காமலேயா எனக்கு எண்ணெயைக் குறைத்தீர்கள் என்று கேட்டார்.

ஜூன் 9, திங்கள்

ரயிலில் எழுத ஆரம்பித்து இப்போது வீட்டில் முடிக்கிறேன். ரயில் ஆடியதில் பாதி எழுத்து கோணல்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துறைத் தலைவர் டாக்டர் கமலவேணி, அறுபதை நெருங்கும் வயது, கதர்ப் புடவை, சிரிக்காத முகம். என் ஃபைலின் தையலைத் தடவிப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். மாமனார், மஞ்சள் மண்டி என்றேன். தலையசைத்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "முப்பத்தாறு ஃபைல் வந்திருக்கு. முப்பத்தஞ்சுல எல்லாரும் கீரையும் முளைகட்டின பயறும் சாப்பிடறாங்க. இதுல மட்டுந்தான் பஜ்ஜி இருக்கு. எப்படி வாங்கினீங்க இந்த உண்மையை?"

திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தேன் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். உள்ளுக்குள் எனக்கு சீட் உறுதியாகிவிட்டது. ஷிவானி பெயருக்கு மேலே என் பெயர் போட்ட டயட் சீட்டே கண்ணில் தெரிந்தது.

அடுத்து ஒரு கேஸ் சொல்கிறேன் என்றார். முப்பத்தெட்டு வயதுப் பெண், வேலைக்குப் போகிறவர். காலையில் காபி, குழந்தைக்குச் சுட்டதில் கருகிய தோசை பாதி. மதிய டப்பாவில் முக்கால் பங்கு திரும்பி வருகிறது. நாளைக்கு ஐந்து டீ. கீரை வீட்டில் தினமும் உண்டு, ஆனால் இவர் பங்குக்கு வருவது சட்டியில் ஒட்டியிருப்பது. சாப்பாடு பெரும்பாலும் நின்றுகொண்டே. தினமும் ஐம்பதிலிருந்து எழுபது கிராம் பச்சரிசி மெல்லுகிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என்ன சந்தேகப்படுவீர்கள்?

இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியுமா? முழுசாகச் சொன்னேன். இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை. பச்சரிசி ஆசை அதன் அடையாளம், பைக்கா என்று பெயர். டீ இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. உடனே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். மாதவிடாய் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு பட்டவர்த்தனமா இருந்தும் அந்த வீட்ல யாருக்கும் தெரியலைன்னா, மொதல்ல அந்த வீட்ல எல்லாருக்கும் கண்ணு டெஸ்ட் பண்ணணும் மேடம்" என்றேன். ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

டாக்டர் கமலவேணி சிரிக்கவில்லை. ஃபைலின் பின்பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் பதிவுக்குப் பின்னால், அதே தையலில், மண்டிச் சிட்டைத் தாளில் பதினாலு பக்கம். கோடு போட்ட கட்டம். மேலே மாமாவின் கட்டை எழுத்து: மருமகள் சுகுணா, எடை பார்த்தது சென்னியப்பன். டப்பா போனது முந்நூற்றுப் பத்து, வந்தது இருநூற்று நாற்பது. அரிசி டப்பா காலை எடை, மாலை எடை. கடைசிக் கட்டத்தில், நின்னுட்டு, உக்காந்துட்டு என்று தலைப்புப் போட்டு, அதில் நாள்தோறும் குறி. பதினான்கு நாளில் உக்காந்துட்டு என்பதில் ஒரே ஒரு குறி இருந்தது. மே பதினொன்று, வயிறு வலித்த நாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு முதலில் வந்த நினைப்பு, டப்பாவுக்குள் இருந்த ஸ்பூனை இவர் கழித்திருக்கமாட்டார் என்பதுதான். பார்த்தேன். ஓரத்தில் எழுதியிருந்தார்: ஸ்பூன் பதினெட்டு கழித்து.

"இந்தக் கேசுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் டாக்டர் கமலவேணி.

சிட்டைத் தாளை ஒரு பக்கம் புரட்டினேன். அவரே சொன்னார். சீட் உண்டு. ஆனால் ரத்தம் பார்க்காமல் எழுதிய தகுதிச் சான்று செல்லாது. ரத்தப் பரிசோதனையோடு புதிய சான்று வேண்டும். ஜூலை பத்தாம் தேதிக்குள் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். தினமும் ரயிலில் நான்கு மணி நேரம், அதற்கு மேல் லேப், இந்த உடம்பு ஒரு மாதத்தில் விழுந்துவிடும் என்றார். விழமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்பூன் பதினெட்டு கழித்து என்ற வரி எதிரே இருந்தது. சரி மேடம் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமா முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருக்கவில்லை, ஆனால் நேற்றைய பேப்பர். எதற்காக இதைச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல உன்னைய மாட்ட வெக்கத்தான் எடை போட்டேன். என்னைய பேக்கரி வரைக்கும் தொரத்திட்டு வந்தியல்ல. மூணாம் நாளு எனக்குச் சிரிப்பு வர்ல."

நேரில் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீ எனக்கும் பவுடருன்னு சொல்லுவ. நோட்டுல எழுதுனாத்தான் உனக்குக் கணக்கு." பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "உங்க அத்தை நாப்பத்தஞ்சு வருசம் அந்தச் சமையக்கட்டுல நின்னா. கடைசியில டாக்டருதான் சொன்னாரு, ஒடம்புல ரத்தமே இல்லீன்னு. ஊரு மஞ்சளையெல்லாம் நிறுத்தேன் அம்மணி. அவ என்ன தின்னான்னு ஒரு நாளு நான் பாத்ததில்லை."

அழுதேன். நேர்மையான பதிவு என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்: நின்றுகொண்டுதான் அழுதேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஹீமோகுளோபின் 7.1. ஷிவானி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அக்கா இது வேறு யாரோடதோ என்றாள். லேடி டாக்டர் மாதவிடாய் எத்தனை நாள் என்று கேட்டார். ஏழு, சில மாதம் ஒன்பது, இரண்டு வருடமாக. இதைச் சத்தமாகச் சொன்னபோதுதான் எண்ணிக்கை எனக்கே கேட்டது. அதற்கு மாத்திரை தனியாக, ஸ்கேன் தனியாக. இரும்பு ஊசி டிரிப்ஸில், அடுத்த வாரம் இன்னொன்று.

டயட் சீட்டு எழுதினேன். பெயர்: சுகுணா. முதல் தடவையாக நானே நோயாளி. கையெழுத்துக்கு ஷிவானியிடம் நீட்டினேன். அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். "இதுல நீங்களே போடுங்கக்கா" என்றாள். சட்டப்படி செல்லாது. போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கணவர் கறிக்கடைக்குப் போய் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்தார். ரத்தம் ஊறுமென்று யாரோ குடோனில் சொன்னார்களாம். என்ன கேட்பது, எப்படி இருக்கும் என்று தெரியாமல் செல்போனில் போட்டோ காட்டி வாங்கியிருக்கிறார். அவரே வதக்கினார். ரப்பர் செருப்பு பதம். உட்கார்ந்து முழுவதையும் தின்றேன், எதிரில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். வீட்டில் இவ்வளவு பேர் பார்க்க நான் கடைசியாகச் சாப்பிட்டது கல்யாணப் பந்தியில்.

ஜூன் 18, புதன்

பச்சரிசி டப்பாவைக் காணோம். தாரணியின் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். நியாயமா இது?

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி கிச்சனிலும் பச்சரிசி உண்டு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து கிராம். திட்டாதீர்கள், உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

8.2. பதினைந்து நாள் இருக்கிறது. கல்லூரி ஆபீசில் விசாரித்தேன். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்கும் பெண் இரண்டு முறை போன் செய்து, அந்த அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டாளாம். என் உடல்நலத்தின் மேல் இத்தனை அக்கறை வைத்தவர் உறவில்கூட யாரும் இல்லை. பயமாக இருக்கிறது. நேற்று வரை அந்த சீட் வேண்டும் என்றுதான் சாப்பிட்டேன். இன்று காலை நெல்லிக்காய் மெல்லும்போது, சீட் போனாலும் இதை நிறுத்தக் கூடாது என்று தோன்றியது. தோன்றியது என்னவோ உண்மை, ஆனால் சீட் போகக் கூடாது.

ஜூலை 2, புதன்

படி ஏறினேன். மூன்றாம் மாடி வரைக்கும். சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது, நான் அதைத் தொடவில்லை.

ஜூலை 9, புதன்

காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். பதினொன்றுக்கு ரிப்போர்ட். இடையில் நாற்பது தட்டுக்குச் சாப்பாடு மாற்றிப் போகாமல் எப்படி அனுப்பினேன் என்று தெரியாது. ஷிவானி லேபிலிருந்து ஓடி வந்தாள். வாயால் சொல்லாமல் தாளை நீட்டினாள்.

9.4.

மாமாவுக்குப் போன் செய்தேன். நான்கு என்று சொல்லி முடிப்பதற்குள், "புள்ளிக்கு முன்னால என்னம்மணி?" என்றார். ஒன்பது என்றேன். பின்னணியில் பேக்கரி மாஸ்டரின் குரல் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் படிப்பு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, பணம் கட்டியாயிற்று, சேர்ந்தாயிற்று. நாளைக் காலை ஆறு ஐந்துக்கு ரயில். அவ்வளவு காலையில் யாரும் எழ வேண்டாம், கேன்டீனில் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் சரி என்றார்கள். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

இந்தப் பக்கத்தைக் கல்லூரி லைப்ரரியில் திறந்தேன். முதல் நாளைப் பற்றி நீளமாக எழுத நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் வேறொருவர் எழுதிவிட்டார். கட்டை எழுத்து, கோடு போட்ட கட்டம். அப்படியே இருக்கட்டும்:

அம்மணி. காலை 5.20. இட்லி 4, இருநூத்திப் பன்னெண்டு கிராம். மொருங்கைக்கீரைப் பொரியலு அறுவது. மிச்சம் இல்லை. டீ இல்லை. மோகன் இட்லி ஊத்துனது, ஒண்ணு வேகலை, அதைய நான் தின்னேன். உக்காந்துட்டு.